நாப்பத்தஞ்சுல ரிடையர் ஆகி என்ன பண்ணப் போறீங்க சாமி?

வர வர புனேயில் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்து உட்கார்ந்தால், புளியோதரை டப்பா காலியாவதற்குள் "ஃபயர்" என்ற வார்த்தை வந்துவிடுகிறது. முன்னெல்லாம் ஃபயர் என்றால் ஹெச்.ஆர். கூப்பிட்டு, அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். இப்போது அதுவே லட்சியம் ஆகிவிட்டது. இருபது வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆணி பிடுங்கு, சம்பளத்தில் பாதிக்கு மேல் மியூச்சுவல் ஃபண்டில் போடு, நாற்பத்தைந்து வயசில் வேலைக்கு ஒரேயடியாக முழுக்குப் போடு, அதற்கப்புறம் கண்ணை மூடுகிற வரைக்கும் சேர்த்த பணம் குட்டி போட்டுச் சோறு போடும். இதுதான் திட்டம்.

எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் கோபம் உண்டு. சேமிப்பின் மேல் இல்லை. கடன் வாங்கிப் பெரிய கார் வாங்குகிறவனை விட மாசாமாசம் எஸ்.ஐ.பி. போடுகிறவன் ஆயிரம் மடங்கு தேவலை. என் சண்டை வேறு. ஊரை விட்டு ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி வந்து பிழைக்கிற நமக்கு, முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வரைக்கும் இருக்கிற பத்து வருஷம்தான் கையில் இருப்பதிலேயே விலை கூடின சரக்கு. அதைக் கொண்டுபோய் அடகு வைத்து, நாற்பத்தைந்துக்கு மேல் வரப்போகிற நேரத்தை வாங்குகிறோம். அதற்குப் பதில், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று, நம் நேரத்துக்கு வளைந்து கொடுக்கிற, திங்கட்கிழமை காலையில் வயிற்றைக் கலக்காத ஒரு வேலைக்கு இப்போதே மாறிவிட்டு, அதை அறுபது அறுபத்தைந்து வரைக்கும் நிதானமாகச் செய்யலாம். இதைத்தான் கீழே நீட்டி முழக்கப் போகிறேன்.

(டிஸ்கி: நான் நிதி ஆலோசகன் கிடையாது. கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்த, பொட்டி தட்டிப் பிழைக்கிற ஆசாமி. பதினெட்டு வருஷமாகப் புனே வாசம்.)

முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம். வருஷச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் போதும், முதல் வருஷம் அதில் 4 சதவீதம் எடுக்கலாம், அப்புறம் விலைவாசிக்குத் தகுந்தபடி கூட்டிக்கொண்டே போகலாம், பணம் தீராது. ஃபயர் கோஷ்டியின் மூலமந்திரம் இதுதான். எங்கிருந்து வந்தது? 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், 1926-லிருந்து உள்ள அமெரிக்கப் பங்குகள், அரசுக் கடன் பத்திரங்களின் விவரத்தை வைத்துப் போட்ட கணக்கு. 1998-ல் டெக்ஸாஸில் இருக்கும் டிரினிட்டி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் மூன்று பேர் அதே வழியில் இன்னொரு ஆய்வு செய்தார்கள். இரண்டுமே முக்கியமாக மனசில் வைத்திருந்தது 30 வருஷ ஓய்வை. அதாவது 65 வயசில் வேலையை விட்டுவிட்டு 95 வரைக்கும் இருக்கிற ஒரு அமெரிக்கத் தாத்தாவை. அந்தத் தாத்தாவுக்கு சோஷியல் செக்யூரிட்டி என்று அரசாங்கப் பென்ஷன் தனியாக வரும். 65 ஆனதும் மெடிகேர் என்று ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஆள் இருக்கிறது.

அவருக்குத் தைத்த சட்டையை வாகடில் குடியிருக்கிற 45 வயசுக்காரருக்கு மாட்டிவிட்டால் எப்படி? நமக்கு 30 வருஷம் போதாது. இவர் 85 வரை இருந்தாலே 40 வருஷம் ஆச்சு. மூன்று நாலு வயசு சின்னவரான வீட்டம்மாவுக்கு இன்னும் அதிகம். விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் செலவு இரட்டிப்பு, 40 வருஷத்தில் பத்து மடங்கு. இன்று மாசம் 80 ஆயிரத்தில் ஓடுகிற வீடு அப்போது எட்டு லட்சம் கேட்கும். இது அரிசி பருப்பு எல்லாம் சேர்ந்த சராசரி. ஸ்கூல் ஃபீஸ் சராசரியாக ஏறுகிறதா என்று பிள்ளை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நம்ம ஆட்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள், ஒத்துக்கொள்கிறேன். "இந்தியாவுக்கு 25 மடங்கு போதாது, 40 மடங்கு வை" என்று மாற்றிக்கொண்டுவிட்டார்கள். சரி, என்ன ஆகிறது? மாசம் 80 ஆயிரம் என்றால் வருஷத்துக்கு 9.6 லட்சம். 25 மடங்கு 2.4 கோடி. 40 மடங்கு 3.84 கோடி. நடுவில் இருக்கிற 1.44 கோடியைச் சேர்க்க இன்னும் எத்தனை வருஷம் ஆணி பிடுங்க வேண்டும்? நாற்பதில் விடுதலை என்று ஆரம்பித்தவர் நாற்பத்தைந்து என்கிறார், அடுத்த தீபாவளிக்கு நாற்பத்தெட்டு என்கிறார். இதற்கு இடையில் வேலை பிடிக்காமலே போய்க்கொண்டிருக்கிறது. "இன்னும் கொஞ்ச நாள்தானே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதால் அதை மாற்றவும் யோசிப்பதில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். மோசமான வேலையைச் சகித்துக்கொள்ள இந்தத் திட்டம் ஒரு நல்ல சாக்கு.

அமெரிக்கக் கதை போதும். நம்ம வீடுகளிலேயே இது ஒரு தடவை நடந்து முடிந்திருக்கிறது. 2000-2001-ல் பொதுத்துறை வங்கிகளில் வி.ஆர்.எஸ். வந்தது ஞாபகம் இருக்கிறதா? 40 வயசு, அல்லது 15 வருஷ சர்வீஸ் முடித்திருந்தாலே விண்ணப்பிக்கலாம். பம்பாய், புனே, நாக்பூர் என்று மாற்றலாகி மாற்றலாகி அலுத்துப்போன நம்ம ஊர் ஆபீசர்களும் கிளார்க்குகளும் எத்தனை பேர் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார்கள்! அப்போது அவர்கள் போட்ட கணக்கும் பழுதில்லாத கணக்குத்தான். வங்கி டெபாசிட்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி வட்டி. பி.பி.எஃப். 2000 ஜனவரி வரைக்கும் 12 சதவீதம். மிச்சத்துக்கு யூ.டி.ஐ.யின் யூ.எஸ்.-64, கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்று பேர் எடுத்தது.

2001 ஜூலையில் யூ.எஸ்.-64-ல் யூனிட் விற்பதையும் திருப்பி வாங்குவதையும் ஆறு மாசத்துக்கு நிறுத்திவைத்தார்கள். பி.பி.எஃப். படிப்படியாக இறங்கி 2003 மார்ச்சில் 8 சதவீதத்துக்கு வந்தது (2020 ஏப்ரலில் 7.1 ஆனது தனிக்கதை). பத்து சதவீத டெபாசிட் முதிர்ந்து புதுப்பிக்கப் போனபோது ஆறு சதவீதம்கூடத் தரமாட்டேன் என்றார்கள். மூன்றே வருஷத்தில் மாச வருமானம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. இவர்கள் என்ன கணக்குத் தெரியாதவர்களா? வாழ்நாள் முழுக்க வட்டிக்கணக்கே போட்டவர்கள் ஐயா!

அந்தப் பேட்சில் கரையேறினவர்களை எனக்குத் தெரியும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ராஸ்தா பேட்டையிலும் இன்றைக்கும் பார்க்கலாம். ஒருத்தர் இரண்டு மருந்துக்கடைகளுக்குக் கணக்கு எழுதினார். ஒருத்தர் எல்.ஐ.சி. ஏஜென்சி எடுத்தார். இன்னொருத்தர் ஜூலை மாசம் வந்தால் அந்த ஏரியா பூராவுக்கும் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக்கொடுப்பார், மிச்ச மாசங்களில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன். கார்ப்பஸ் பெரிசாக இருந்தது என்பதால் இவர்கள் தப்பிக்கவில்லை. மாசம் நாலு காசு வந்துகொண்டிருந்தது. டெபாசிட்டில் கைவைக்காமல் ஓட்டினார்கள். எல்லாரும் எழுபதைத் தாண்டியும் சுறுசுறுப்பாக இருந்தார்கள் என்பது கொசுறு. வீட்டில் இருந்தபடி டெபாசிட் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எப்படி ஆனார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் சொந்தத்திலேயே ஒருத்தர் இருப்பார்.

பங்குச் சந்தையில் போட்டால் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21 ஆயிரத்தைத் தாண்டியது. அதே வருஷம் அக்டோபரில் எட்டாயிரத்துக்குக் கீழே போய்த் தொட்டுவிட்டு வந்தது. அந்த ஜனவரியில் வேலையை விட்டவரை நினைத்துப் பாருங்கள். சந்தை திரும்பி ஏறியது உண்மைதான். ஆனால் வேறு வருமானம் இல்லாதவர் வீட்டுச் செலவுக்காக இறங்கின விலையில் விற்றுக்கொண்டே இருந்திருப்பார். விற்றுவிட்ட யூனிட் ஏறுமா? மாசம் கொஞ்சம் சம்பளம் வந்துகொண்டிருந்தவர் சந்தை பக்கமே திரும்பிப் பார்க்காமல் இரண்டு வருஷத்தை ஓட்டியிருப்பார்.

இப்போது ஒரு சின்னப் பெருக்கல். மாசம் பத்தாயிரம் ரூபாய் தருகிற ஒரு வேலை, வருஷத்துக்கு 1.2 லட்சம். அவர்களுடைய 25 மடங்கு விதிப்படியே பார்த்தால் அது 30 லட்ச ரூபாய் சேமிப்புக்குச் சமம். 40 மடங்கு விதிப்படி 48 லட்சம்! மாசம் 40 ஆயிரம் சம்பாதிக்கிற, பிடித்த, அரை வேளை வேலை ஒன்று கையில் இருந்தால், 80 ஆயிரம் செலவாகிற வீட்டுக்குத் தேவையான 3.84 கோடியில் பாதி அந்த வேலை இருக்கிற வரை தேவைப்படாது. அந்த வேலை அறுபத்தைந்து வரைக்கும் நீடித்தால், அதுவரை சேமிப்பிலிருந்து பாதிச் செலவுக்கு மட்டும் எடுத்தால் போதும். 1.9 கோடியைச் சேர்ப்பதற்கு நம்மில் பல பேருக்குப் பத்து வருஷம் ஆகும். அந்தப் பத்து வருஷத்தை விலையில்லாமல் திருப்பித் தருகிற ஒரு சாதனத்தை, "அதெல்லாம் சில்லறைக் காசு" என்று தள்ளுகிறார்கள்.

இதற்கும் அமெரிக்காவில் ஒரு பேர் வைத்துவிட்டார்கள், பரிஸ்டா ஃபயர் என்று. காபிக் கடையில் பகுதிநேர வேலை பார்த்தால் அங்கே மருத்துவக் காப்பீடு கிடைக்குமாம். நம்ம ஊரில் காபிக் கடையில் வேலை பார்த்தால் காபி கிடைக்கும் :-)

நம் நாட்டுச் சட்டதிட்டங்களும் நாற்பத்தைந்தில் நிற்கிறவனை மனசில் வைத்து எழுதப்படவில்லை. சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துக்கு 60 வயசு ஆக வேண்டும், விருப்ப ஓய்வு என்றால் 55. பி.எஃப். பென்ஷன் முழுசாக வருவது 58-ல். 2014 செப்டம்பரில் வைத்த 15 ஆயிரம் ரூபாய் உச்சவரம்பின்படி, 20 வருஷம் உழைத்தவனுக்கும் மாசம் ஐயாயிரத்தைத் தொடாது. இதை ஃபயர் ஷீட்டில் வரவாக எழுதி வைத்திருந்த ஒருத்தரிடம் எடுத்துச் சொன்னேன். பாவம், அன்று சாயங்காலம் டீகூடக் குடிக்கவில்லை.

பணக்கணக்கு இதோடு போதும். நான் இதை எழுத உட்கார்ந்ததே இன்னொரு கணக்குக்காக.

போன வாரம் ஒரு நண்பர் தன்னுடைய எக்ஸெல் ஷீட்டைக் காட்டினார். பதினாலு தாள். தங்கம் தனி, ஃபண்டு தனி, பெண் கல்யாணம் தனி, பணவீக்கத்துக்கு மூன்று விதமான ஊகம். பிரமாதமான வேலை. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நீங்க ரிடையர் ஆகறப்ப உங்க அம்மாவுக்கு என்ன வயசு இருக்கும்?" அவர் அம்மா தென்காசிப் பக்கம் தனியாக இருக்கிறார். இப்போது 72. நண்பருக்கு ஒன்பது வருஷம் பாக்கி. மனுஷன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதுக்காகத்தான் சார் ஓடறேன், சீக்கிரம் முடிச்சுட்டு ஊருக்குப் போய் அம்மாகூட இருக்கணும்னுதான்" என்றார்.

அவர் வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போகிறார். புனே வழியாகப் போகிற நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள். லீவில் பயணம் போக, அம்மாவோடு ஒரு தடவைக்கு ஐந்து நாள் என்று வையுங்கள். வருஷத்துக்குப் பத்து நாள். ஒன்பது வருஷத்துக்குத் தொண்ணூறு நாள். மூன்று மாசம்! அந்தம்மா நடமாட்டமாக, பேத்திக்கு முறுக்குப் பிழிந்து கொடுக்கிற தெம்போடு இருக்கப்போகிற காலத்தில், இவருக்குக் கிடைக்கப்போவது மொத்தமே மூன்று மாசம். அதற்கப்புறம் 81 வயசில் அவருக்குக் கிடைக்கப்போகிற அம்மா எப்படி இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? இருப்பார் என்பதே உத்தரவாதம் இல்லை.

எங்கிருந்தும் செய்யக்கூடிய, வாரத்துக்கு நாலு நாள் வேலை ஒன்றுக்கு அவர் இப்போது மாறினால் சம்பளம் முப்பது நாற்பது சதவீதம் விழும். ரிடையர்மென்ட் தேதி எங்கோ அறுபதுக்குத் தள்ளிப்போகும். ஆனால் வருஷத்தில் இரண்டு மாசம் தென்காசியில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஒன்பது வருஷத்துக்குப் பதினெட்டு மாசம். மூன்று மாசம் பெரிசா, பதினெட்டு மாசம் பெரிசா? இதற்கு என்ன பெரிய எக்ஸெல் வேண்டிக்கிடக்கிறது?

பிள்ளைகள் விஷயமும் இதே ரகம்தான். நாற்பத்தைந்தில் அப்பா ஓய்ந்து வந்து உட்காரும்போது பையன் பன்னிரண்டாம் வகுப்பு, கதவைச் சாத்திக்கொண்டு படிப்பான். தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஏழு வயசில் ஆள் வேண்டியிருந்தது. மராத்தியும் ஹிந்தியும் இங்கிலீஷும் ஸ்கூலே பார்த்துக்கொள்ளும். "அ" எழுதக் கைபிடித்துவிடுவது வீட்டு வேலை. அதை இரவு பத்து மணிக்குக் காலில் இருக்கிற அப்பன் செய்ய முடியாது.

அடுத்து, இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிற கூட்டங்களில் யாரும் தொடாத ஒரு சங்கதி. ரிடையர் ஆகப்போவது யார்? ரங்கமணி. தங்கமணிக்கு எப்போது ரிடையர்மென்ட்? 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷம் செலவழித்தார்கள், ஆண்கள் 88 நிமிஷம். 45 வயசில் ஐயா ஹாயாக ஹாலில் வந்து உட்கார்ந்தால் அம்மணிக்கு வேலை கூடும் என்றுதான் படுகிறது. பதினோரு மணிக்கு இன்னொரு காபி, மத்தியானம் சூடாகச் சோறு. அதுமட்டுமில்லை. இந்த ஊருக்கு வரும்போது தன் வேலையை விட்டுவிட்டு வந்த பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்? பி.எட். முடித்தவர், ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவர், லேப் டெக்னீஷியன். கணவன் நேரம் வளைந்துகொடுக்கிற வேலைக்கு மாறினால், மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்கூல் பஸ்ஸுக்குப் போய் நிற்க ஒரு ஆள் இருந்தால், அவர்கள் திரும்பி வேலைக்குப் போகலாம். ஒன்றரைச் சம்பளம் வந்துவிட்டதே! ஒருத்தர் மட்டும் வெறிபிடித்து ஓடி, சீக்கிரமே விழுந்து எழுவதற்குப் பதில், இரண்டு பேரும் நடந்தே போகலாம்.

"நெகிழ்வான வேலை" என்றதும் நம்ம கம்பெனிகள் கொடுக்கிற ஃப்ளெக்ஸிபிள் டைமிங்கை நினைத்துக்கொள்ளாதீர்கள். அதில் எட்டு மணிக்கும் வரலாம், பத்து மணிக்கும் வரலாம், போவது மட்டும் நம் கையில் இல்லை. உணவு டெலிவரி கம்பெனிகளும் "உங்கள் நேரம், உங்கள் சுதந்திரம்" என்றுதான் பையன்களைச் சேர்க்கின்றன; மழையில் நனைந்து ஓட்டினால்தான் காசு என்றால் அது சுதந்திரமா? நான் சொல்வதற்கு இரண்டே அடையாளம். இந்த வாரம் ஒரு நாள் முடியாது என்று சொன்னால் வேலை போகக் கூடாது. யார் வேண்டாம் என்றாலும் உங்கள் கைத்தொழில் உங்களோடு வர வேண்டும்.

இந்த ஆசை வந்ததற்குக் காரணமும் எனக்குப் புரியாமல் இல்லை. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரம் என்று ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எவ்வளவு நேரம் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். இப்படிப் பேசுகிற ஊரில் இளவட்டம் "எப்போடா தப்பிப்போம்" என்று நினைக்காமல் வேறு என்ன செய்யும்? ஆனால் கவனித்தீர்களா, ஃபயர் கோஷ்டியும் அதே 70 மணி நேரத்தைத்தான் உழைக்கச் சொல்கிறது. முதலாளிக்காக என்பதற்குப் பதில் எதிர்காலத்து உனக்காக என்கிறது. வேலை நேரம் மட்டும் குறையவே இல்லை.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதம் எனக்குக் கனமாகப் படுகிறது. "நாற்பத்தைந்துக்கு மேல் உன்னை யார் சார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்?" உண்மை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, பெரும்பாலும் நடு, மேல் மட்டத்தில் இருப்பவர்கள் என்று அவர்களே சொன்னார்கள். அதனால் இரண்டு மூன்று வருஷச் செலவுக்குக் கையில் பணம் வேண்டும், வீட்டுக்கடன் சீக்கிரம் முடிய வேண்டும். இதில் எனக்கும் அவர்களுக்கும் சண்டை இல்லை. ஆனால் இந்த ஆபத்துக்கு மருந்து என்ன? இருபது வருஷம் ஒரே கம்பெனியின் உள் மென்பொருளையும் உள் அரசியலையும் மட்டும் கற்று, மேனேஜராகிக் கை மழுங்கினவனுக்குத்தான் 46 வயசில் வெளியே ஒன்றும் இல்லை. 38 வயசிலேயே ஒரு வாடிக்கையாளர், இரண்டு வாடிக்கையாளர் என்று சொந்தமாகப் பிடிக்கத் தெரிந்துகொண்டவனை யார் எப்படித் தூக்குவது? ஒருத்தர் போனால் இன்னொருத்தர் இருப்பார். வேலை போய்விடும் என்கிற பயத்தினால் கோடிகளைச் சேர்க்க ஓடுகிறவர், அந்த ஓட்டத்தினாலேயே வேறு எதையும் கற்றுக்கொள்ள நேரமில்லாமல் போகிறார்.

"பிடித்த வேலை என்பதெல்லாம் சினிமா டயலாக்" என்று ஒரு அண்ணாச்சி சொன்னார். நான் ஒன்றும் எல்லாரையும் புல்லாங்குழல் வாசிக்கப் போகச் சொல்லவில்லை. பிடித்த வேலை என்றால் தினமும் ஆனந்தக் கூத்து இல்லை. செய்து முடித்தால் யாருக்கோ உபயோகம் என்று தெரிகிற வேலை, மனுஷனை மனுஷனாக நடத்துகிற ஆட்கள், சண்டை வந்தால் எழுந்து போகிற தைரியம். அவ்வளவுதான். நம் தொழிலிலேயே பெரும்பாலும் கிடைக்கும். வேலை பிடிக்கவில்லை என்கிற பல பேரிடம் தோண்டிக் கேட்டால், புரோகிராம் எழுதுவது பிடித்திருக்கும், இரவு பதினொரு மணி கால்தான் பிடிக்காது.

ஃபயர் குருமார்களே எழுந்து வேலைதான் பார்க்கிறார்கள். மிஸ்டர் மனி மஸ்டாஷ் என்ற பேரில் எழுதுகிற, அமெரிக்காவில் வசிக்கிற ஒருத்தர் 2005-ல் முப்பது வயசிலேயே ஓய்வு பெற்றார். 2011-லிருந்து சீக்கிரம் ஓய்வு பெறுவது எப்படி என்று எழுதத் தொடங்கி, அந்த எழுத்திலேயே நல்ல காசும் பார்த்தார். தப்பில்லை. பிடித்ததைச் செய்து சம்பாதித்தார். அதைத்தானே நானும் சொல்கிறேன்!

நான் 2017-லிருந்து இப்படித்தான். இரண்டு சின்னக் கம்பெனிகளுக்கு வாரத்தில் மூன்றரை நாள். வருமானம் பழைய சம்பளத்தில் முக்காலுக்குக் கீழே, பாதிக்கு மேலே. சும்மா தேனும் பாலும் ஓடுகிறது என்று ஜல்லியடிக்க மாட்டேன், தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். பில் அனுப்பி அறுபது நாள் காத்திருக்க வேண்டும். சொந்தக்காரர் கல்யாணத்தில் "எந்தக் கம்பெனி?" என்று கேட்டால் பதில் சொல்லி முடிப்பதற்குள் எதிராளி பந்திக்குப் போய்விடுவார். வீட்டுக்கடனுக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்பார்கள், இல்லையென்றால் மூன்று வருஷ ரிட்டர்ன். அதனால் கடன் வாங்குகிற எண்ணம் இருந்தால் வேலையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பி.எஃப். கிடையாது, நாமேதான் என்.பி.எஸ்.ஸோ பி.பி.எஃப்.போ போட்டுக்கொள்ள வேண்டும். வரிப் பக்கம் கொஞ்சம் ஆறுதல் உண்டு. 2016 பட்ஜெட்டில் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆடிட்டர், தொழில்நுட்ப ஆலோசகர் மாதிரியான தொழில்காரர்கள், ஒரு வரம்பு வரைக்கும், வரவில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வைக்கிற தலைவலி இல்லை. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு உண்டு. இரண்டையும் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், என்னை நம்பிக் காரியத்தில் இறங்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் மருத்துவக் காப்பீடு. கம்பெனி பாலிசியில் அப்பா அம்மாவையும் சேர்த்து வைத்திருப்பீர்கள். கடைசி வேலை நாளோடு அது போய்விடும். எழுபது வயசுக்காரருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கும்போது புதிதாகப் பாலிசி எடுக்கப் போனால் ஏற்கனவே இருக்கிற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் என்று உட்காரவைப்பார்கள். 2024-ல் அதை அதிகபட்சம் நாலு வருஷத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள், 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை, இருந்தாலும் மூன்று வருஷம் மூன்று வருஷம்தான். குழுக் காப்பீட்டிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது, அப்படி மாறினால் ஏற்கனவே கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். பல பேர் கடைசி நாளுக்கு அப்புறம் இதைக் கேட்டுக்கொண்டு அலைகிறார்கள். ஹெச்.ஆரிடம் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்னாலேயே பாலிசி நம்பரையும் அந்த ஃபாரத்தையும் வாங்கி வைத்துவிடுங்கள்.